குழாயடித் தெருவின் கொசுக்கள்

சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விட்டுவிட வேண்டிய ஓர் ஊரில், குழாயடித் தெரு என்று ஒரு தெரு உண்டு. அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வருவது கோபக்கார மாப்பிள்ளை விருந்துக்கு வருவது மாதிரி. வருகிறேன் என்று சொன்ன நாளில் வராது, வந்தால் நேரங்காலம் பார்க்காது, வந்த நேரத்தில் வாசலில் ஆள் இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். அதனால் வீட்டுக்கு வீடு வாசலில் நீலப் பிளாஸ்டிக் டிரம் நின்றது. டிரம்மின் வாய்க்குக் கிழிசல் விழுந்த பழைய வேட்டித் துணியை வேடு கட்டியிருப்பார்கள். தண்ணீரைக் கீழே கொட்டுவது அங்கே பெரிய பாவம். பழைய தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே புதுத் தண்ணீர் வந்துவிட்டால் பழையதின் தலையிலேயே புதியதை ஊற்றுவார்கள். அப்படி ஊற்றி ஊற்றி, தங்கள் டிரம்மின் அடி எப்படி இருக்கும் என்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது.

அந்த டிரம்களில்தான் கொசு பிறந்தது. கொசு என்றதும் சாக்கடையை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது வேறு வம்சம். காலில் வெள்ளை வளையம் போட்டு, முதுகில் வெள்ளிக் கோடு இழுத்து, பட்டப்பகலில் சிங்காரமாகப் புறப்படுகிற வம்சம். சேற்றுத் தண்ணீரைத் திரும்பியும் பார்க்காது. மனுசன் குடிக்கிற தண்ணீர்தான் அதற்கும் வேண்டும். கடிப்பது பெண் மட்டுமே. ஆண் கொசு பூவிலும் இலையிலும் சாறு குடித்துவிட்டு, தலையில் இறகு மாதிரி விரிந்த கொம்புகளால் பெண்ணின் ரீங்காரம் எங்கே கேட்கிறது என்று தேடித் திரிகிற சாதுப் பிராணி. பெண்ணும் தன் பசிக்கு ரத்தம் குடிப்பதில்லை. வயிற்றில் முட்டை ஊற வேண்டுமே என்றுதான் அடிபட்டுச் சாகிற ஆபத்தையும் பார்க்காமல் மனுசத் தோலில் வந்து உட்காருகிறது. ஊறிய முட்டைகளைத் தண்ணீருக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில், புகையிலைப் பொடி சிந்தியது போலக் கறுப்பாக ஒட்டிவைத்துவிட்டுப் போகும். தண்ணீர் இறங்கிப்போனால் முட்டை காய்ந்துகொண்டே காத்திருக்கும், மாதக்கணக்கில் காத்திருக்கும், மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிந்து புழுவாகி, வாலால் மூச்சு வாங்கியபடி தலைகீழாகத் தொங்கும். தண்ணீருக்காக அவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் இரண்டே வகை, கொசு முட்டைகளும் பெண்களும்.

அந்த வம்சத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ஓரிடத்தில் உட்கார்ந்து வயிறு நிறையக் குடிக்காது. இங்கே ஒரு உறிஞ்சு, கை அசைந்தால் எழுந்துபோய் அங்கே ஒரு உறிஞ்சு, அங்கேயும் விரட்டினால் அடுத்த வீட்டில் ஒரு உறிஞ்சு என்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நாலு பேரை நாடும். தூரந்தொலைவும் போகாது, பிறந்த டிரம்மிலிருந்து சில வீடுகளைத் தாண்டி உலகம் இருக்கிறதென்றே அதற்குத் தெரியாது. ஆகவே எந்த நாளில் எந்தக் கொசுவின் வயிற்றைப் பார்த்தாலும், முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டவர்கள் உட்பட குழாயடித் தெரு மொத்தமும் அதற்குள் ஒன்றாகக் கலந்து கிடந்தது.

தெருவின் கடைசிக்கு முந்தின வீடு குருவம்மாளுடையது. பட்டாசுக் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி ஒட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. புருசன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறொரு குடும்பம் பார்த்துக்கொண்டவன். அவனைப் பற்றி இதற்கு மேல் பேச்சில்லை. ஒரே மகள், பெயர் சண்முகக்கனி. மூச்சுத் திணறிப் பிறந்தவள். வயசுக்கு வந்து வருசங்கள் ஆகியும் கட்டிலை விட்டு எழுந்ததில்லை, கையும் காலும் அவள் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை, வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. ம்ம்ம் என்று ஒரு முனகல் மட்டும் வரும். அந்த முனகல் பசியா, தாகமா, வலியா, கோபமா என்று கண்டுபிடிப்பதிலேயே குருவம்மாளின் ஆயுசு கரைந்துகொண்டிருந்தது. சோறு ஊட்டிப் பார்ப்பாள், தண்ணீர் புகட்டிப் பார்ப்பாள், துணி மாற்றிப் பார்ப்பாள், ஒன்றும் சரிப்படவில்லையென்றால் பாடுவாள். பாடினால் முனகல் கூடும். பிள்ளைக்குப் பாட்டென்றால் உயிர் என்று நினைத்து இன்னும் சத்தமாகப் பாடுவாள்.

ஒரு நாள் காலையில், இரண்டு கையும் மைதாப் பசையாக அவள் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது, கனியின் பாதத்தில் உட்கார்ந்திருந்த கொசு ஒன்று பாதிக் குடியில் எழுந்து வந்து அவள் முழங்கையில் உட்கார்ந்தது. கையெல்லாம் பசை என்பதால் குருவம்மாள் அதை அடிக்கவில்லை. வாயால் ஊதிப் பார்த்தாள், போகவில்லை. கொசு தன் ஊசியை இறக்கியது. அது ஒரே ஊசி அல்ல; தோலை அறுக்க, அறுத்ததை விலக்கிப் பிடிக்க, வலிக்காமலிருக்க எச்சிலை விட, ரத்தத்தை இழுக்க என்று தனித்தனியாக ஆறு ஊசி, எல்லாம் ஒரே உறைக்குள் அடக்கம். எந்தப் பெரிய டாக்டரின் பெட்டியிலும் அவ்வளவு நயமான சாமான் கிடையாது. குடித்து முடித்துக் கொசு பறந்ததும் முழங்கை அரித்தது. அரிப்புக்குப் பின்னாலேயே, குருவம்மாளுக்கு இடது தோள்பட்டையில் ஒரு வலி வந்து உட்கார்ந்தது.

அது அவள் வலி இல்லை. காலமெல்லாம் இடது பக்கமாகவே படுக்கவைக்கப்பட்ட ஒருத்தியின் வலி. அதோடு, எதிர்ச் சுவரில் காரை பெயர்ந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து வந்த சலிப்பு, பின் தெருக் கடையில் சேவு பொரியும் வாசனை வரும்போது வாயில் ஊறும் ஆசை, ஜன்னல் வெளிச்சம் தரையில் நகர்வதைப் பார்ப்பதில் ஒரு கொள்ளைப் பிரியம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குள் இறங்கின. கடைசியாக, தான் பாடிக்கொண்டிருந்த பாட்டின் மேல் அவளுக்கே அப்படியொரு எரிச்சல் வந்தது. குருவம்மாள் பாட்டை நிறுத்தினாள். பசைக் கையோடு எழுந்துபோய்க் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, மகளை வலது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தாள். கனி ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு முனகலை நிறுத்தினாள்.

“எம்புட்டு வருசமாடி என் பாட்டைப் பொறுத்துக்கிட்டுக் கெடந்த?” என்று கேட்டுவிட்டு, குருவம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோசத்தில்தான் அழுதாள். இப்படி நடக்குமா என்று ஆச்சரியப்பட அவளுக்கு நேரமில்லை. அன்று மத்தியானமே சேவு வாங்கி நுணுக்கித் தயிரில் ஊறவைத்து மகளுக்கு ஊட்டினாள்.

அந்த வாரத்திலேயே தெருவில் மற்றவர்களுக்கும் நடக்க ஆரம்பித்தது. அடுத்த வீட்டுச் சுப்புத்தாய்க்கும் குருவம்மாளுக்கும் குழாயடியில் யார் குடம் முந்தி என்கிற தகராறில் வெகு காலமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சுப்புத்தாய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஒரு கடி வாங்கினாள். வாங்கியதும் வெங்காயத்தைப் போட்டுவிட்டு எழுந்து வந்து குருவம்மாளின் நிலைப்படியில் நின்றாள்.

“ஏ குருவு, காலையிலருந்து நீ ஒண்ணுமே சாப்பிடலல்ல? எனக்கு வயிறு காந்துதுடி,” என்றாள்.

“இல்ல மதினி, பெட்டி இன்னைக்கே குடுக்கணும்,” என்றாள் குருவம்மாள், பேச்சில்லை என்பதை மறந்து.

“பெட்டி கெடக்கு. வா, வந்து ரெண்டு தோசை தின்னுட்டுப் போ, எனக்கு வேலை ஓடணும்.”

பெயிண்டர் செல்லையாவின் குடிக் கதையோ தனி. சாயங்காலமானால் அவனுக்கு எடுக்கும் தாகம் தெருவிலுள்ள பாதிப் பெண்களுக்கும் எடுத்தது. நாக்கு வறண்டு, கை நடுங்கி, இன்னதென்று தெரியாத ஒன்றுக்காக அவர்கள் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினார்கள். மறுநாள் காலையில் அவனுடைய வெட்கமும் அவர்களுக்கே வந்தது. நாலைந்து பேர் சேர்ந்து அவன் வீட்டுக்குப் போய், “ஐயா சாமி, நீ குடிச்சாலும் எங்களுக்குத் தாங்கல, குடிக்காட்டியும் தாங்கல, கொஞ்சங் கொஞ்சமாக் கொறையப்பா,” என்று கும்பிட்டார்கள். தன் தாகம் இன்னொருவருக்குப் புரிந்தது செல்லையாவுக்கு வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. குறைத்துக்கொண்டான். திரவியம் வாத்தியாரின் கணக்கு அறிவு பிள்ளைகளுக்குப் பரவியது. பிள்ளைகளின் ஓட்ட ஆசை வாத்தியாருக்குப் பரவி, அவர் மூட்டு வலியோடு தெருமுனை வரைக்கும் ஓடிப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

தெரு இதை ஏற்றுக்கொண்ட விதம் பார்க்க அழகாக இருந்தது. மல்லுக்கு நின்றால் சாயங்காலத்துக்குள் அந்தக் காயம் தன் மேலேயே திரும்பி வரும் என்று தெரிந்த பிறகு, குழாயடியில் குரல்கள் தணிந்தன. பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களிடம், மாப்பிள்ளையை ஒரு மத்தியானம் மட்டும் டிரம்முக்குப் பக்கத்தில் உட்காரவைக்கச் சொன்னார்கள். ஒரு மாப்பிள்ளை பாதியிலேயே எழுந்து பஸ் ஏறிவிட்டான், பெண் வீட்டார் கொசுவுக்கு நன்றி சொன்னார்கள். மேலத்தெருக்காரர்கள் பொறாமைப்பட்டுத் தாங்களும் டிரம் வாங்கி வைத்தார்கள். அவர்களுக்கு வெறும் அரிப்பு மட்டுமே வந்தது. ஒருத்தர் குழாயடித் தெருக் கொசுவைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். அது பாட்டிலை விட்டு வெளியே வந்ததும் சுவரில் உட்கார்ந்தது, உட்கார்ந்தபடியே இருந்து செத்தது.

ஆனால் எல்லாரையும்விடத் தெரு அதிகம் அறிந்துகொண்டது கனியைத்தான். காரணம் எளிது. மற்றவர்கள் கையை வீசி விரட்டினார்கள், கனியால் விரட்ட முடியாது. கொசு பயமில்லாமல் உட்கார்ந்து குடிக்கும் இடம் அவள் ஒருத்தியே. அதனால் தெருவில் பறந்த அநேகமாக எல்லாக் கொசுக்களிலும் கனி இருந்தாள். மோட்டார் சைக்கிள்காரர்கள் அவள் ஜன்னலைக் கடக்கும்போது ஹாரன் அடிப்பதை விட்டார்கள், அந்தச் சத்தத்தில் நெஞ்சு எப்படித் தூக்கிப்போடும் என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. வெளிச்சம் மறைகிறதென்று துணிக்கொடியை இடம் மாற்றிக் கட்டினார்கள். அவளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்பதும் அப்போதுதான் தெரிந்தது; செல்லையா நடக்கிற நடையைப் பார்த்து அவள் மனசுக்குள் சிரிக்கிற சிரிப்பு, ஒரு நாள் தெரு முழுக்கப் பரவி, காரணமில்லாமல் எல்லாரும் சிரித்தார்கள்.

சுகாதாரத் துறையிலிருந்து ஜெபராணி என்கிற பெண் டிரம்களைப் பார்க்க வந்தாள். டார்ச் அடித்து உள்ளே நெளிகிற புழுக்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். தெரு தன் கதையைச் சொன்னது.

“கொசு ரத்தத்த எடுக்குமே தவிர, ஒருத்தர்கிட்ட எடுத்தத இன்னொருத்தருக்குத் தராதும்மா. இழுக்கிற வழி வேற, எச்சில் விடுற வழி வேற. மனசையெல்லாம் அது தூக்கிட்டு வராது,” என்றாள் ஜெபராணி. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

“சரிதான் மேடம். செத்த இப்பிடி நெழல்ல உக்காருங்க,” என்றாள் சுப்புத்தாய்.

உட்கார்ந்த ஜெபராணி கொஞ்ச நேரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, திரவியம் வாத்தியாரை இரக்கத்தோடு பார்த்தாள். “எங்க டிரெய்னிங்ல இது இல்ல,” என்றாள். ஆனாலும் அவள் கடமை தவறாதவள். தண்ணீரைக் கொட்டச் சொன்னாள். தெரு மனசு பதறப் பதறக் கொட்டியது. கொட்டியதே தவிர, உள்சுவரைத் தேய்க்கவில்லை. அந்தக் கறுப்புப் பொடிப் பட்டையில் ஒரு விரல்கூடப் படாமல், சுற்றிலும் துடைத்து, அடுத்த தண்ணீர் வந்ததும் பதமாக நிரப்பினார்கள். சில நாளில் புழு நெளிந்தது. தண்ணீரைக் கொட்டிய பாவத்துக்கும் பரிகாரம் ஆயிற்று என்று திருப்தியடைந்தார்கள்.

பிறகு சுப்புத்தாயின் மகன் மதன் சென்னையிலிருந்து காய்ச்சலோடு வந்தான்.

பஸ்ஸில் காற்று பட்டிருக்கும் என்று சுப்புத்தாய் கசாயம் வைத்துக் கொடுத்தாள். அவன் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றான், எலும்பை முறுக்குகிறது என்றான். கொசுக்கள் வழக்கம்போல வந்து அவனிடமும் ஒரு உறிஞ்சு குடித்தன. எல்லாருக்கும் அவன் வலி தெரிந்தது, எல்லாரும் அவன் மேல் இரக்கப்பட்டார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். அவன் தேறி எழுந்து உட்கார்ந்தும்விட்டான். ஆனால் காய்ச்சல் கொசுவின் வயிற்றில் தங்கி, வளர்ந்து, எச்சிலுக்கு ஏற ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் அது நல்ல பிள்ளைபோலத்தான் இருக்கும். அதன் பிறகு தெரு படுத்தது. முதலில் செல்லையா, பிறகு எதிர்வீட்டுப் பிள்ளைகள், பிறகு திரவியம் வாத்தியார். இந்தத் தடவை வந்தது அடுத்தவர் வலி மட்டும் இல்லை, சொந்த வலியும்தான். இரண்டும் சேர்ந்து ஆளை முறித்துப் போட்டன. வாத்தியாருக்கு ஈறில் ரத்தம் கசிந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஜெபராணி குழாயடியில் தெருவைக் கூட்டினாள்.

“கொசு மேல கோவமே இல்லைங்க எனக்கு. அதுக்குத் தான் என்னத்தச் சொமந்துட்டு வர்றோம்னே தெரியாது. அதுக்குக் காய்ச்சலும் வராது. ஒரு தடவ உள்ள போயிட்டா, சாகுற வரைக்கும் வச்சிருந்து குடுத்துக்கிட்டே இருக்கும். கொட்டுனா மட்டும் பத்தாதுங்க, தேய்க்கணும். எல்லா டிரம்மையும். ஒண்ணு மிச்சம் இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.”

யாரும் குருவம்மாளைப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மற்றவர்களுக்குப் போகப்போவது ஒரு வசதி, அவளுக்குப் போகப்போவது மகளின் குரல் என்று தெருவில் ஒவ்வொருத்தருக்கும் தெரிந்திருந்தது. கேட்டுத் தெரிந்ததில்லை, ரத்தத்திலேயே தெரிந்தது. அப்படித் தெரிந்தவர்களால் ‘உன் டிரம்மைத் தேய்’ என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆஸ்பத்திரியில் புருசனை விட்டுவிட்டு வந்திருந்த வாத்தியார் மனைவிகூட வாயைத் திறக்கவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று கூட்டம் கலைந்தது. ஜெபராணி மட்டும் போகும்போது, “அக்கா, அந்தப் பொண்ணால ஒரு கொசுவக்கூட வெரட்ட முடியாது,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

குருவம்மாளுக்கு அது தெரியாதா? வீட்டுக்கு வந்து கொசுவலையைக் கட்டினாள். வலைக்குள் வெளிச்சம் வராமல் கனி முனகினாள். வலையை அவிழ்த்தாள். விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டி ஒட்டுவதை விட்டு எவ்வளவு நேரம் விசிற முடியும்? டிரம்மைத் தேய்த்துவிடலாம் என்று எழுந்தாள், நாளைக்கு இவள் முனகினால் எனக்கு என்ன தெரியும் என்று உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கடைசியில், இத்தனை வருசமாக ஒவ்வொரு மத்தியானமும் செய்வதைச் செய்தாள். சுவரில் மாட்டியிருந்த மாரியம்மன் படத்தைப் பார்த்துக் கையைக் கூப்பினாள்.

வாயை விட்டுச் சொல்லாத வேண்டுதல் அது. எனக்கு முந்தி அவளைக் கூப்பிட்டுக்கோ தாயே. எனக்குப் பிறகு அவளை யாரிடமும் விட்டுவைக்காதே. ஒரே ஒரு நாள் முந்திக் கூப்பிட்டுக்கோ. கனியைப் போன்ற பிள்ளையைப் பெற்ற எந்தத் தாயும் இதைக் கேட்காமல் இருந்ததில்லை. எந்தத் தாயும் இதை இன்னொருத்தரிடம் சொன்னதுமில்லை.

கூப்பிய கையில், மணிக்கட்டுக்குக் கீழே ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. அவள் அசைந்ததும் எழுந்தது. எழுந்து, அவள் கண் முன்னாலேயே பறந்துபோய், மிச்சக் குடிக்காகக் கனியின் பாதத்தில் உட்கார்ந்தது.

மகள் பேசுகிறாள், மகள் பேசுகிறாள் என்று பூரித்துக் கிடந்த குருவம்மாளுக்கு, கொசுவுக்குப் போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றுதான் என்பது இத்தனை நாளும் தோன்றவே இல்லை. கனியிடமிருந்து அவளுக்கு வந்தது போல, அவளிடமிருந்தும் கனிக்குப் போயிருக்கும். ஒவ்வொரு மத்தியானமும் போயிருக்கும். பெற்றவளே மகளின் சாவைக் கேட்டுக் கும்பிடுகிறாள் என்பதை, திரும்பிப் படுக்கக்கூட முடியாத அந்தப் பிள்ளை படுத்தபடியே கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். குருவம்மாள் பாய்ந்துபோய் அந்தக் கொசுவை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை இறங்கவில்லை.

அவளுக்குப் பதில் வேண்டியிருந்தது. என்ன பதிலாக இருந்தாலும் சரி.

விசிறியைத் தூர வைத்தாள். ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டு, மகளின் பாதத்துக்குப் பக்கத்தில் தன் கையை நீட்டி வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். கொசு காய்ச்சலைக் கொண்டு வரலாம் என்று தெரியும், தெரிந்தேதான் உட்கார்ந்தாள். கொசு குடித்தது. மெதுவாகக் குடித்தது. பிறகு எழுந்து, கொஞ்சம் சுற்றி, அந்த வீட்டில் வேறு யாரும் இல்லாததால், நீட்டிய கைக்கே வந்து சேர்ந்தது. குருவம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கனியிடம் சொற்கள் கிடையாது, அதனால் வந்ததும் சொற்களாக வரவில்லை. முதலில், பழகிப்போன ஒரு விசயத்தின் லேசான அலுப்பு வந்தது. வேண்டுதல் அவளுக்குத் தெரிந்திருந்தது; கொசு சொல்வதற்கு ரொம்ப காலம் முன்னாலேயே, தலை வாரிவிடும் கை திடீரென்று நின்றுபோகிற நேரங்களில் தெரிந்துகொண்டிருந்தாள். அதில் கோபம் இல்லை. அம்மா பாவம், பயந்துபோய்க் கேட்கிறாள் என்பது போன்ற ஒன்று இருந்தது. அதற்கும் அடியிலிருந்து இன்னொன்று எழுந்து வந்தது. அது ஆசை. நாளைக்கும் வெளிச்சம் தரையில் நகர வேண்டும், நாளை மறுநாளும் சேவு பொரிய வேண்டும், மழை வர வேண்டும், செல்லையா தள்ளாடி நடக்க வேண்டும், அதற்கடுத்த வருசமும் அதற்கடுத்த வருசமும் என்று, இலையில் இன்னும் இன்னும் போடு என்று கேட்கிற பிள்ளையின் பசி போல, தீராத ஆசை. அந்த வரப்போகிற நாட்களைக் கனி ஒவ்வொன்றாகப் பார்த்துவைத்திருந்தாள். சில நாட்களில் அம்மா இருந்தாள். சில நாட்களில் அம்மா இல்லை. அம்மா இல்லாத நாளில் அழுகை இருந்தது. அந்த நாளிலும் ஜன்னலில் வெளிச்சம் வந்தது, கனி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குருவம்மாள் கண்ணைத் திறந்தாள். கையில் உட்கார்ந்திருந்த கொசு வயிறு புடைத்துச் சிவந்து, எழ முடியாமல் இருந்தது. இத்தனை காலமும் தன் மகளைத் தன்னிடம் கொண்டுவந்து சேர்த்த அந்தச் சின்ன உயிரை அவள் கும்பிட வேண்டும் போல இருந்தது. கும்பிடவும் செய்தாள். பிறகு ஒரே அடியில் அதை நசுக்கிவிட்டு எழுந்து வாசலுக்குப் போனாள்.

வேட்டித் துணியைப் பிய்த்து எறிந்தாள். டிரம்மைச் சாய்த்தாள். மிச்சத் தண்ணீர் தெருவில் ஓடியது. தேங்காய் நாரில் பிளீச்சிங் பவுடரைத் தொட்டு, பாதி உடம்பை டிரம்முக்குள் நுழைத்து, அந்தக் கறுப்புப் பட்டையைத் தேய்த்தாள். ரொட்டு ரொட்டென்று அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. வாத்தியார் மனைவி வெளியே வந்து பார்த்தாள், தன் டிரம்மைச் சாய்த்தாள். பிறகு எதிர்வீட்டில் சாய்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் தெருவில் எல்லா டிரம்மும் படுத்துக் கிடந்தன, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஜோடிக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, யார் வீட்டுத் தண்ணீர் என்று பார்க்காமல் எல்லாத் தண்ணீரும் ஒன்றாக ஓடியது.

சுப்புத்தாய் வந்து குருவம்மாளின் டிரம் உருளாமல் மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். டிரம்முக்குள்ளிருந்து குருவம்மாளின் குரல் வந்தது. முகம் பார்த்துக் கேட்க முடியாததை அவள் அங்கிருந்தே கேட்டாள்.

“மதினி, நான் ஒண்ணு கேப்பேன். எனக்குப் பெறகு எம்மவளப் பாத்துக்கிடுவியா?”

குருவம்மாளின் கை நார் பிடித்தபடியே நின்றது. வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்காதவள் அவள்.

“கேட்டுட்டியா?” என்றாள் சுப்புத்தாய். அவளுக்கு மூக்கடைத்திருந்தது. “உன் வேண்டுதல் எனக்கு எப்பவோ தெரியும்டி. எனக்கும் கொசு கடிக்கத்தான செஞ்சிச்சு. சாமிகிட்டக் கேக்கா, நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்காளேன்னு எனக்கு எம்புட்டுக் கோவம் தெரியுமா? நான் இல்லாட்டி மதன் இருக்கான், அவனுக்கு வாரவ இருப்பா. தெரு என்ன செத்தா போச்சு? அந்தப் பக்கம் சரியாத் தேயி, அப்பிடியே இருக்கு.”

குருவம்மாள் தேய்த்து முடித்து, முகத்தையும் அங்கேயே துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். குருவம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பிளீச்சிங் நாற்றமடிக்கிற கையால் மகளின் கன்னத்தைத் தொட்டாள்.

“இருடி கனி,” என்றாள். “நான் போன பெறகும் நீ இரு. ரொம்ப நாள் இரு.”

கனியின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது வலியா, அழுகையா, இல்லை தாகமா என்று சொல்வதற்கு அந்த நேரம் வீட்டில் ஒரு கொசு இல்லை. குருவம்மாள் பதறிப்போய் அந்த முகத்தையே பார்த்தாள், ஒன்றும் பிடிபடாமல் தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போனாள்.

“செம்ப வையி,” என்றாள் பின்னால் நின்ற சுப்புத்தாய். “அவ சிரிக்காடி.”